குதிரைக்கு ஓராண்டு ஓய்வு... ஓட்டுபவருக்கு?

காலை ஆறரை மணி. தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. பனி மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் சத்தம்தான் வருகிறது. டக்... டக்... டக்... தார்ச்சாலையில் லாடம் படும் சத்தம். சற்று நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் தெருமுனையில் திரும்புகின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஹெல்மெட் அணிந்த ஓர் ஆள். அவசரமாக வேலைக்குப் போகும் கார்கள் அப்படியே வேகம் குறைத்து நிற்கின்றன. யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

இங்கிலாந்தின் பெர்க்‌ஷைர் மாவட்டத்தில் இருக்கும் லாம்போர்ன் கிராமத்தில் இது தினசரிக் காட்சி. குதிரையைக் கடக்கும் வாகனம் 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும், மணிக்கு 10 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று பிரிட்டனின் சாலை விதி சொல்கிறது. லாம்போர்ன்வாசிகளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இங்கே சாலையில் முதல் உரிமை குதிரைக்குத்தான்.

குதிரைகள் கடந்து போகும்போது, நடைபாதையில் நின்று அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கும் யாரையாவது பார்க்க முடியும். கையைத் துணித் தொட்டிலில் மாட்டியிருப்பார். அல்லது ஊன்றுகோலுடன் மெல்ல நடப்பார். நேற்றுவரை அவரும் அந்த வரிசையில் ஒருவர். இன்று அறுவை சிகிச்சை முடிந்து, மருத்துவர் சொன்ன தேதிக்காகக் காத்திருப்பவர். ஊருக்கு இது புதிதல்ல. ‘எப்போது விழுந்தாய்?’ என்பதைவிட, ‘எப்போது திரும்ப ஏறப் போகிறாய்?’ என்ற கேள்விதான் இங்கே அதிகம்.

லாம்போர்ன், குதிரை ஓட்டும் ஊர் மட்டுமல்ல. விழுந்தவர்கள் மறுபடி எழுந்து சேணத்தில் உட்காரப் பழகும் ஊரும்கூட.

சாக்பீஸ் மலையும் மெத்தைப் புல்லும்

லண்டனிலிருந்து மேற்கே சுமார் 110 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது லாம்போர்ன். மக்கள்தொகை சுமார் 4,000. இந்தச் சின்ன ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுக்கணக்கான பந்தயக் குதிரைகள் வளர்கின்றன. இங்கிலாந்தில் பந்தயக் குதிரைப் பயிற்சிக்கு முதலிடம் நியூமார்க்கெட் நகரம் என்றால், அடுத்த இடம் லாம்போர்ன். ‘பந்தயக் குதிரைகளின் பள்ளத்தாக்கு’ என்றே இதற்குப் பெயர்.

ஏன் இந்த ஊர்? பதில் மண்ணுக்கடியில் இருக்கிறது. ஊரைச் சுற்றியுள்ள குன்றுகள் முழுக்க சாக்பீஸ் போன்ற வெள்ளைச் சுண்ணாம்புக் கல். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காமல் உள்ளே இறங்கிவிடும். மேலே பல நூறு ஆண்டுகளாக உழப்படாத புல்வெளி, காலடியில் மெத்தை போல அமுங்கி எழும். அரை டன் எடையுள்ள குதிரை முழு வேகத்தில் ஓடும்போது அதன் மெல்லிய கால்களுக்கு இதைவிட நல்ல தரை கிடைப்பது அரிது.

ஊர் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டின் மன்னர் ஆல்ஃபிரட் தன் உயிலில் மனைவிக்கு எழுதிவைத்த ஊர்களில் லாம்போர்னும் ஒன்று. 1898-ல் இங்கே ரயில் வந்தது. பயணிகளோடு பந்தயக் குதிரைகளையும் ஏற்றிச் சென்ற அந்தக் கிளைப் பாதையில் 1960-ல் பயணிகள் சேவை நின்றுபோனது. குதிரைகள் மட்டும் நின்றுபோகவில்லை.

குதிரைக்கு அவசரமே இல்லை

லாம்போர்ன் லாயங்களில் ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் அவசரப்படுவதில்லை. அடிபட்ட குதிரையின் விஷயத்தில்.

பந்தயக் குதிரைக்கு வரும் மோசமான காயங்களில் ஒன்று, முன்னங்காலின் பின்பக்கமாக ஓடும் தசைநாண் கிழிவது. காலைத் தடவிப் பார்க்கும்போது லேசான சூடு, கொஞ்சம் வீக்கம். அவ்வளவுதான் வெளியே தெரியும். ஆனால், அனுபவமுள்ள லாயப் பணியாளரின் முகம் அந்த நொடியே மாறிவிடும். அந்தக் குதிரைக்கு அந்த சீசன் முடிந்தது என்று அர்த்தம். முதலில் லாயத்துக்குள்ளேயே ஓய்வு. பிறகு தினமும் சில நிமிடங்கள் கையில் பிடித்து நடத்துவார்கள். வாரக்கணக்கில் நடை மட்டும். நடுநடுவே ஸ்கேன். மறுபடி பந்தயத்துக்கு வர ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆகும். சில சமயம் அதற்கும் மேல்.

ஊருக்குச் சற்று வெளியே ‘செவன் பேரோஸ்’ என்ற இடம் இருக்கிறது. ‘ஏழு புதைமேடுகள்’ என்று பொருள். வெண்கலக் காலத்து மனிதர்கள் தங்கள் இறந்தவர்களைப் புதைத்த மேடுகள் இவை. பெயரில்தான் ஏழு, உண்மையில் அதைவிட நிறைய! பிரபல பயிற்சியாளர் நிக்கி ஹெண்டர்சனின் லாயம் இங்கேதான் உள்ளது.

அந்த லாயத்தின் செல்லப்பிள்ளை, ‘ஸ்பிரிண்டர் சாக்ரே’ என்ற கறுப்புக் குதிரை. தடை தாண்டும் பந்தயங்களில் யாரும் நெருங்க முடியாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த அது, 2013 டிசம்பரில் ஒரு பந்தயத்தின் நடுவே திடீரெனத் தளர்ந்தது. ஓட்டியவர் நிறுத்திவிட்டார். சோதித்தபோது இதயத்துடிப்பு சீராக இல்லை. சிகிச்சை தரப்பட்டது. அதன்பிறகு ஓராண்டுக்கும் மேலாக அதைப் பந்தயத்துக்கு அனுப்பவில்லை. 2015 ஜனவரியில் மீண்டும் களத்துக்கு வந்தபோதும் பழைய வேகம் இல்லை. ‘இனி அவ்வளவுதான்’ என்று பலர் முடிவுகட்டினார்கள். 2016 மார்ச்சில் செல்டன்ஹாம் மைதானத்தில், 2013-ல் வென்ற அதே ‘குயின் மதர் சாம்பியன் சேஸ்’ கோப்பையை மறுபடி வென்றது ஸ்பிரிண்டர் சாக்ரே. கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

குதிரைக்குப் பேசத் தெரியாது. ‘எனக்குச் சரியாகிவிட்டது, நாளைக்கே ஓடுகிறேன்’ என்று அதனால் பொய் சொல்ல முடியாது. அதனால் அதற்கு வேண்டிய காலம் கிடைத்துவிடுகிறது.

அதன் முதுகில் உட்காருகிற மனிதருக்கு?

விழுந்தால் வருமானம் இல்லை

தடை தாண்டும் பந்தயத்தில் ஒவ்வொரு பெரிய தடுப்பும் குறைந்தது நாலரை அடி உயரம். குதிரையின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில். இந்தப் பந்தயங்களில் ஓட்டும் ஜாக்கி, சுமார் 15 அல்லது 16 சவாரிக்கு ஒரு முறை கீழே விழுவார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே குதிரைக்கு அடி சறுக்கினால், அரை டன் எடை மனிதர்மேல் விழும். குதிரைகளுக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸும் ஓடிவரும் விளையாட்டு இது.

காலர் எலும்பு முறிவு இங்கே காய்ச்சல், சளி மாதிரி. தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கினால் சில வாரங்களில் திரும்பிவிடுவார்கள். முதுகெலும்பு, இடுப்பு, தொடை எலும்பு, மண்ணீரல், தலை என்றால் கதையே வேறு.

ஜாக்கிக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு சவாரிக்கு இவ்வளவு என்று கூலி, ஜெயித்தால் பரிசுத்தொகையில் ஒரு பங்கு. குதிரை ஏறினால்தான் காசு. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. இவர் படுக்கையில் இருக்கும்போது இவருடைய நல்ல குதிரையில் வேறொருவர் ஏறி ஜெயித்துவிட்டால்? திரும்பி வரும்போது அந்தக் குதிரை இவருக்கு இல்லை. அதனால்தான் பழைய தலைமுறை ஜாக்கிகள் விலா எலும்பு முறிவைப் பனியனுக்குள் மறைத்துக்கொண்டு சவாரி செய்தார்கள். வலி இருந்தும் ‘ஒன்றுமில்லை’ என்று மருத்துவரிடம் சிரித்தார்கள். வீட்டில் டி.வி-க்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் அந்தச் சிரிப்பின் பின்னால் இருப்பது தெரியும்.

இந்த நிலைமை மாற இரண்டு பெரிய விபத்துகள் நடக்க வேண்டியிருந்தது.

டிம் புரூக்‌ஷா என்ற ஜாக்கி, 1959-ல் நடந்த கிராண்ட் நேஷனல் பந்தயத்தின் நடுவே அங்கவடி அறுந்துபோக, கால் வைக்க இடமில்லாமலே மீதி தடுப்புகளைத் தாண்டி இரண்டாவதாக வந்தவர். அப்படிப்பட்டவர் 1963 டிசம்பரில் லிவர்பூல் அருகே எய்ன்ட்ரீ மைதானத்தில் விழுந்து, முதுகெலும்பில் அடிபட்டு நடக்க முடியாமல் போனார். நான்கே மாதங்களுக்குள் அதே மைதானத்தில், 1964 கிராண்ட் நேஷனலில் பேடி ஃபேரல் விழுந்தார். அவருக்கும் அதே கதி. அவர்களுக்குக் கிடைக்க இருந்த இழப்பீடோ, மீதி வாழ்நாளுக்குப் போதவே போதாது.

பந்தய உலகம் வெட்கப்பட்டது. இருவருக்காகவும் திரட்டத் தொடங்கிய நிதிதான், பின்னாளில் ‘இஞ்சுர்டு ஜாக்கீஸ் ஃபண்ட்’ என்ற அறக்கட்டளையாக வளர்ந்தது. இன்றும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை விற்று அது பணம் சேர்க்கிறது. அடிபட்ட ஜாக்கிகளின் வீடு தேடிப்போய் என்ன தேவை என்று கேட்க, அதற்கென்றே பணியாளர்கள் இருக்கிறார்கள்.

இதற்காகப் பல ஆண்டுகள் ஓடியாடி உழைத்தவர் ஜான் ஓக்ஸி. பிரபு குடும்பத்தைச் சேர்ந்தவர், பத்திரிகையாளர், டி.வி. வர்ணனையாளர், சம்பளம் வாங்காத அமெச்சூர் ஜாக்கி. 1963 கிராண்ட் நேஷனலில் ‘கேரிக்பெக்’ என்ற குதிரையில் முன்னணியில் வந்து, எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் வெற்றியைக் கோட்டைவிட்டவர். தான் தோற்ற அந்தப் பந்தயத்தைப் பற்றித் தானே பத்திரிகைக்குக் கட்டுரையும் எழுதினார்! 2012-ல் அவர் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய ஒரு கட்டடம் லாம்போர்னில் நிற்கிறது.

ஓக்ஸி ஹவுஸ்: ஓடாத குதிரையில் ஆரம்பம்

2009-ல் திறக்கப்பட்ட ‘ஓக்ஸி ஹவுஸ்’, அடிபட்ட ஜாக்கிகளுக்கான மறுவாழ்வு மையம். குதிரைக்கு ஓராண்டு பொறுமை காட்டிய ஊரில், மனிதருக்காக இப்படி ஓர் இடம் வர இத்தனை காலம் ஆனது. இதன் வெற்றியைப் பார்த்துத்தான் 2015-ல் வடக்கே மால்டன் ஊரில் ‘ஜாக் பெர்ரி ஹவுஸ்’, 2019-ல் நியூமார்க்கெட்டில் ‘பீட்டர் ஓ’சலவன் ஹவுஸ்’ என்று மேலும் இரண்டு வந்தன.

உள்ளே உடற்பயிற்சிக் கூடம், பிசியோதெரபி அறைகள். நீண்டகாலப் பராமரிப்பு தேவைப்படுபவர்கள் தங்கவும் இடம் உண்டு. ஒரு பக்கம் சக்கர நாற்காலியில் முன்னாள் ஜாக்கி, இன்னொரு பக்கம் போன மாதம் அறுவை சிகிச்சை செய்துகொண்ட இருபது வயதுப் பையன். மருந்தைவிட இந்தச் சேர்க்கைக்கு அதிக சக்தி என்று சொல்லலாம். எதை இழக்கலாம், எதை மீட்கலாம் என்று அந்தப் பையனுக்குப் பாடம் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு குதிரை ஓட்டியவர் எப்படித் திரும்புகிறார்? படிப்படியாகத்தான்.

முதல் படி, நடை. எலும்பு ஒட்ட ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை பிடிக்கும். அந்தக் காலத்தில் ஓடுவதும் பளு தூக்குவதும் கூடாது. நடக்கலாம். தினமும் கொஞ்சம் கூடுதலாக. காயம்பட்ட குதிரையைக் கையில் பிடித்து நடத்துவார்களே, அதேதான்.

அடுத்து, தசைகள். குதிரை ஓட்டுபவரின் பலம் கையில் இல்லை. உள்தொடையிலும், வயிற்றிலும், இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளிலும் இருக்கிறது. அங்கவடியில் நின்றபடி, முழங்காலை மடித்து, உடம்பை முன்னால் சாய்த்து, ஓடும் குதிரையின் மேல் அசையாமல் நிற்க வேண்டும். சில வாரம் படுத்திருந்தாலே இந்தத் தசைகள் கரைந்துபோகும். அதிலும் அறுவை செய்த பக்கம் கூடுதலாக இளைக்கும். இரண்டு பக்கமும் சமமாகாமல் ஏறினால் உடம்பு ஒருபக்கம் சாயும். குதிரையும் அந்தப் பக்கமே இழுக்கும்.

மூன்றாவது, இயந்திரக் குதிரை. சேணமும் கடிவாளமும் கட்டிய பொம்மைக் குதிரை அது. குதிரை ஓடும்போது முதுகு அசைவது போலவே அசையும். ஆனால் மிரளாது, துள்ளாது, கீழே தள்ளாது. வலி வந்தால் நிறுத்திவிடலாம். ஐநூறு பந்தயம் ஓட்டியவராக இருந்தாலும் இதில் முதல்நாள் இரண்டு நிமிடத்திலேயே தொடை நடுங்கும்.

நான்காவதுதான் உண்மையான குதிரை. லாயத்திலேயே வயதான, எதற்கும் அலட்டிக்கொள்ளாத குதிரையாகத் தேர்ந்தெடுப்பார்கள். முதலில் நடை மட்டும். பிறகு மெதுவோட்டம். பிறகு குன்றின் மேல் பாய்ச்சல். கடைசியாகத் தாழ்ந்த தடுப்புகள்.

இத்தனையும் முடிந்தாலும் பந்தயத்துக்குப் போய்விட முடியாது. காயம்பட்ட ஜாக்கியின் மருத்துவப் பதிவில் சிவப்புக் குறிப்பு ஒன்று போடப்படும். மருத்துவ அதிகாரி பரிசோதித்து அதை நீக்கும்வரை எந்த மைதானத்திலும் அவருக்கு அனுமதி இல்லை. வலியை மறைத்துச் சிரித்த அந்தக் காலத்துக்கு இந்தச் சிவப்பு மைதான் முற்றுப்புள்ளி வைத்தது.

ஜாக்கிகளுக்கு மட்டுமல்ல

லாம்போர்ன் பக்கம் குதிரை ஓட்டுபவர்கள் எல்லோரும் ஜாக்கிகள் அல்ல. அறுபது வயதில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர், சிசேரியன் ஆன இளம் அம்மா, வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட விவசாயி என்று வாரம் தவறாமல் சேணம் ஏறுகிற குடும்பத்தார் நிறைய. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: மறுபடி எப்போது?

இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்குப் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். ஆளுக்கு ஆள் இது மாறும். ஆரம்ப மாதங்களில் காலை அகல விரித்து, இடுப்பைத் திருகினால் புதிய மூட்டு நழுவ வாய்ப்புண்டு. தரையிலிருந்து ஒற்றைக் காலில் தொற்றி ஏறுவது கூடாது. படிக்கட்டு போன்ற மேடையில் நின்று ஏற வேண்டும். இறங்கும்போதும் ‘தொப்’பென்று குதிக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் காலத்தில் குதிரைப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. அப்போது விழுந்தால், சின்ன அடியும் பெரிய ரத்தக்கசிவாகிவிடும்.

பலர் மறந்துவிடுவது இன்னொன்று. சவாரியைவிட லாய வேலைதான் முதலில் ஆபத்து. ஒரு வாளி தண்ணீர் பத்துக் கிலோவுக்கு மேல். வைக்கோல் கட்டு அதைவிடக் கனம். சாணி அள்ளிய தள்ளுவண்டியைச் சேற்றில் தள்ள வேண்டும். கையில் கயிற்றைப் பிடித்திருக்கும்போது குதிரை மிரண்டு ஒரு வெட்டு வெட்டினால், வயிற்றுத் தையல் தாங்காது. ‘நான் குதிரை ஏறவே இல்லையே, சும்மா தீவனம்தானே வைத்தேன்’ என்று சொல்லிக்கொண்டு மறுபடி மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

உடம்பு தயாரான பிறகும் மனது தயாராகாமல் இருக்கலாம். முதல்நாள் ஏறி உட்கார்ந்ததும் மூச்சு தானாக நின்றுவிடும். தொடை இறுகும். கடிவாளத்தைக் கை இழுத்துப் பிடிக்கும். தோலில் ஓர் ஈ உட்கார்ந்தாலே உணர்கிற பிராணி குதிரை. முதுகில் இருப்பவரின் பயம் அதற்கு உடனே தெரிந்துவிடும். ‘இவர் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்?’ என்று அதுவும் காதை நிமிர்த்தித் தேடும். பதற்றம் இரண்டு பேருக்கும் தொற்றும். அதனால்தான் முதல் சவாரியில் பக்கத்திலேயே ஒருவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பத்தே நிமிடம். பிறகு இறங்கி வீட்டுக்குப் போய்விட வேண்டும். நன்றாக இருந்தது என்ற நினைப்போடு இறங்குவதுதான் அன்றைய வெற்றி.

இரண்டு மாதமும், பதினேழு மாதமும்

இரண்டு ஜாக்கிகளின் கதையை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

முதலாமவர் டோனி மெக்காய். தடை தாண்டும் பந்தயங்களில் தொடர்ந்து 20 ஆண்டுகள் சாம்பியன். 2008 ஜனவரியில் வார்விக் மைதானத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சையில் உலோகத் தகடுகள் வைத்தார்கள். அவர் கண் முழுக்க மார்ச் மாதத்து செல்டன்ஹாம் திருவிழாவின் மேல். மைனஸ் நூறு டிகிரிக்கும் கீழே குளிரூட்டிய அறைக்குள் நின்று சிகிச்சை எடுத்துக்கொண்டார். இரண்டே மாதத்தில் திரும்பி வந்து, அந்தத் திருவிழாவில் ‘ஆல்பர்ட்டாஸ் ரன்’ என்ற குதிரையில் ஜெயிக்கவும் செய்தார்.

இரண்டாமவர் டெக்லன் மர்ஃபி. 1994 மே மாதம் ஹேடாக் மைதானத்தில் விழுந்தபோது அவருடைய மண்டையோடு 12 இடங்களில் உடைந்தது. மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. பிழைக்க மாட்டார் என்று நினைத்து மரணச் செய்திகூட எழுதப்பட்டுவிட்டது. அவர் கோமாவிலிருந்து மீண்டார். நடக்கவே மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பதினேழு மாதம் கழித்து, 1995 அக்டோபரில் செப்ஸ்டோ மைதானத்தில் ‘ஜிபரீன்’ என்ற குதிரையில் ஏறினார். ஜெயித்தார். அத்துடன் பந்தய வாழ்க்கையிலிருந்து விலகிவிட்டார்.

மெக்காயின் கதையைத்தான் இளைஞர்கள் விரும்பிக் கேட்பார்கள். ஆனால், அவரைச் சுற்றி நல்ல மருத்துவர்கள் கூட்டமே இருந்தது. அவருடைய காயத்தின் தன்மையும் அதற்கு இடம் கொடுத்தது. அடுத்தவர் உடம்பின் காலண்டரை நம் சுவரில் மாட்டிக்கொள்ள முடியாது.

மர்ஃபியின் கதையில் வேறொன்று இருக்கிறது. திரும்பி ஏறுவது என்றால், முன்பு போலவே வாழ்நாள் முழுக்க ஓட்டுவது என்று மட்டும் அர்த்தமில்லை. விபத்து தன்னைக் கீழே தள்ளியதாகக் கணக்கு முடியக் கூடாது, தானே இறங்கியதாக இருக்க வேண்டும். அதற்காகவும் ஒருவர் மறுபடி ஏறலாம்.

மலை மேல் வெள்ளைக் குதிரை

லாம்போர்னுக்கு வருகிறவர்கள் வடக்கே சுமார் பத்து கிலோமீட்டர் போய், அஃபிங்டன் குன்றையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். ‘ரிட்ஜ்வே’ என்ற ஆதிகாலப் பாதை இந்தக் குன்றின் முதுகில் ஓடுகிறது.

வழியில் மரங்களுக்கு நடுவே 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழைமையான ஒரு கல் சமாதி. பெயர் ‘வேலண்டின் கொல்லுப்பட்டறை’. லாடம் கழன்ற குதிரையை இங்கே கட்டி, ஒரு காசையும் வைத்துவிட்டுப் போனால், கண்ணுக்குத் தெரியாத கொல்லன் ராத்திரியில் லாடம் அடித்து வைப்பான் என்பது அந்த ஊர்க் கதை. வைத்துவிட்டுப் போக வேண்டும். நின்று வேடிக்கை பார்த்தால் வேலை நடக்காது!

கொஞ்சம் தள்ளி, குன்றின் சரிவில் அந்தப் புகழ்பெற்ற வெள்ளைக் குதிரை. 110 மீட்டர் நீளம். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் புல்லை வெட்டி, பள்ளம் தோண்டி, அதில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லை இடித்து நிரப்பி வரைந்தது. நான்கைந்து கோடுகள்தான். ஆனாலும் ஓடுகிற குதிரை என்று பார்த்ததும் தெரியும்.

இந்தக் குதிரைக்கும் படுத்திருந்த காலம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, வானிலிருந்து பார்க்கும் எதிரி விமானிகளுக்கு அடையாளமாகிவிடக் கூடாது என்று இதை மூடி மறைத்துவிட்டார்கள். போர் முடிந்ததும் மறுபடி திறந்தார்கள்.

மூடாவிட்டாலும், கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளிலேயே புல் மூடி மறைத்துவிடும். அதனால், தன்னார்வலர்கள் மலையேறி வந்து, களை எடுத்து, மண்டியிட்டு, சுத்தியலால் புதிய சுண்ணாம்புக் கல்லை இடித்து நிரப்புகிறார்கள். குடும்பம் குடும்பமாக, குழந்தைகளும் பாட்டிகளும் சேர்ந்து. ஒருவர் ஒருநாளில் இடிப்பது சில அடி தூரம்தான். அப்படித்தான் மூவாயிரம் ஆண்டாக அந்தக் குதிரை ஓடிக்கொண்டிருக்கிறது.

மேலே நின்று பார்த்தால் தெற்கே லாம்போர்ன் பக்கத்துக் குன்றுகள் தெரியும். அந்தப் புல்வெளிகளில் காலையில் குதிரைகள் வரிசையாகப் பாயும். வரிசையின் கடைசியில் ஒரு கிழட்டுக் குதிரை மட்டும் பாயாமல் நிதானமாக நடந்து வரலாம். முதுகில் இருப்பவர், முதல் முறையாக மறுபடி ஏறியிருப்பவராக இருக்கும். அன்று அவருக்குப் பத்து நிமிடம் போதும். நாளைக்கு இன்னும் ஐந்து நிமிடம்.

போக விரும்புபவர்களுக்கு...

லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து ரயிலில் நியூபெரி நகருக்குச் சென்று, அங்கிருந்து சாலை வழியாக சுமார் 20 கிலோமீட்டர் போனால் லாம்போர்ன். காரில் வருபவர்கள் எம்-4 நெடுஞ்சாலையில் 14-வது சந்திப்பில் இறங்கலாம். குதிரைப் பயிற்சியைப் பார்க்க வேண்டுமென்றால் அதிகாலையிலேயே எழுந்துகொள்வது அவசியம். ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று ‘லாம்போர்ன் ஓபன் டே’ நடக்கும். அன்று லாயங்களைப் பொதுமக்கள் உள்ளே சென்று பார்க்கலாம். வெள்ளைக் குதிரைச் சிற்பத்தின் மேல் நடக்கக் கூடாது, பாதையிலிருந்து பார்க்கலாம். காலுக்கு நல்ல ஷூ, கையில் மழைக்கோட்டு இரண்டும் கட்டாயம்.